கணக்கெடுப்புக்கு வருகிறவரிடம் மதம் என்னவென்று சொல்வது?

#1 செய்யாறு_வாசகி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. சபையில் கேட்க முடியாத கேள்வி என்பதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டு நிலைமை உங்களில் பலருக்குப் புதிதாக இருக்காது. அம்மா காலத்திலேயே ஆண்டவரிடம் வந்துவிட்ட குடும்பம். நானும் வீட்டுக்காரரும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். சபையில் எனக்கு வேறு பெயர். ரேஷன் கார்டு, ஆதார், டி.சி. எல்லாவற்றிலும் பழைய பெயர்தான். சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கும் அதே சான்றிதழ்.

வரப்போகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தோடு எல்லோருடைய சாதியையும் கேட்பார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள் அல்லவா? போன ஞாயிறு பாஸ்டர் அதைப் பற்றித்தான் பிரசங்கித்தார். மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்கிற வசனத்தை எடுத்துக்கொண்டு, தைரியமாகக் கிறிஸ்தவன் என்று சொல்லுங்கள் என்றார். மகளுக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது, சபை சம்பந்தப்பட்ட காகிதம் எதையும் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோகாதே என்று எனக்குப் புத்தி சொன்னதும் இதே பாஸ்டர்தான். அதை அவரிடம் ஞாபகப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வரப்போவது பக்கத்துப் பள்ளி ஆசிரியராகத்தான் இருக்கும். அவர் ஊர்த் தெருக்காரர். கிறிஸ்தவள் என்று அவரிடம் சொல்லி, நாளைக்கு யாராவது மகள் சான்றிதழின் மேல் மனு போட்டால் என்ன ஆகும்? இந்து என்று சொன்னால் அது பொய்தானே, பாவம்தானே? வசனம் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

#2 பழைய_கொயர்

சகோதரி, நீங்கள் கேட்டதிலேயே பதில் இருக்கிறது. பொய் என்று உங்களுக்கே தெரிகிறது. அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் மறைத்தது நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கைத்தான். தானியேலின் நண்பர்கள் மூன்று பேரும், இந்த ஒரு தடவை மட்டும் சிலையை வணங்கிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கவில்லை.

பிள்ளையின் படிப்பைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் முன்னோர் மிஷனரிகள் காலத்தில் விசுவாசத்துக்காக அடிபட்டு, ஊரை விட்டுப் போய், புதுக் கிராமங்களையே உண்டாக்கினார்கள். இழக்கத் தயாராக இல்லாத விசுவாசம் எந்த மாதிரி விசுவாசம்?

#3 மதுர_பாஸ்டர்_மகன்

கொயர் ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். கிறிஸ்தவர் என்று எழுதியதால் உங்கள் வீட்டில் யாராவது எதையாவது இழந்தார்களா?

தென் மாவட்டங்களில் நாடார் இந்துவாக இருந்தாலும் பி.சி., கிறிஸ்தவராக இருந்தாலும் பி.சி. கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் தாசில்தார் ஒரே பட்டியலில்தான் வைப்பார். உண்மை சொல்வதற்கு அங்கே செலவே இல்லை. செய்யாறு அக்காவின் மகள் உண்மை சொன்னால் அந்த நிமிஷமே எஸ்.சி. பட்டியலிலிருந்து வெளியே போகிறாள். மாநிலத்தில் 18 சதவீதத்தை விட்டு பி.சி.யின் 26.5 சதவீதக் கூட்டத்தில் நிற்க வேண்டும். மத்திய அரசு வேலையில் எஸ்.சி.க்கான 15 சதவீதமும் போய்விடும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கேள்விக்குறி. ஒரே வாக்கியத்தைத்தான் இரண்டு பேரும் சொல்கிறீர்கள். ஒருவருக்கு அது இலவசம், இன்னொருவருக்குப் பிள்ளையின் எதிர்காலம். எங்கள் அப்பாவும் மேடையில் இதே பிரசங்கம் செய்கிறவர்தான், அதனால் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன்.

#4 நீதிமன்ற_வாசல்

வசனத்தை மற்றவர்களுக்கு விடுகிறேன். சட்டத்தை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தச் சிக்கலின் வேர் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள்.

இதை எதிர்த்துப் போனவர்களில் எனக்கு மறக்காதவர் சூசை. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு மவுண்ட் ரோட்டைத் தொடும் இடத்தில் நடைபாதையில் செருப்புத் தைத்தவர். 1982இல் சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுக்கும் திட்டம் வந்தது. அவருக்கு வலது பக்கம் இருந்தவருக்கும் கிடைத்தது, இடது பக்கம் இருந்தவருக்கும் கிடைத்தது. இவர் மதம் மாறிய ஆதிதிராவிடர் என்பதால் இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதி இருப்பதாகக் காட்டினால் மட்டும் போதாது, அதனால் வரும் இழிவும் ஒடுக்குமுறையும் புது மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அதற்கான ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னது. ஆணையத்தின் உறுப்பினர்-செயலரே அதில் மாறுபட்டுக் குறிப்பு எழுதினார். அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இரண்டு வருடக் கெடு முடிந்து நீட்டிப்பும் கொடுத்தார்கள்.

இனி சகோதரியின் பயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு புதுச்சேரி வழக்கு முடிந்தது. ஒரு பெண் அரசு வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். அவர் திருமுழுக்குப் பெற்றவர், கிறிஸ்தவராகவே வாழ்ந்துவருகிறார் என்று கண்டு மறுத்துவிட்டார்கள். நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்கிற ரீதியில் தீர்ப்பு போகிறது. ஆகவே பயம் கற்பனை இல்லை.

ஆனால் அந்த ஆபத்து கணக்கெடுப்பிலிருந்து வராது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், பிரிவு 15ஐப் பாருங்கள். கணக்கெடுப்பில் எழுதியதை வெளியார் பார்வையிட முடியாது, உரிமையியல் வழக்கு எதிலும் சாட்சியமாக வைக்க முடியாது. குற்ற வழக்கில்கூட அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குக்கு மட்டும்தான் விலக்கு. தகவலை வெளியே சொல்லும் அலுவலருக்குத் தண்டனை உண்டு. உண்மை என்று நம்புவதைச் சொல்லும் கடமையை அதே சட்டம் நம் மேலும் வைக்கிறது. பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு அவசியமும் இல்லை என்கிறேன்.

இன்னொன்று. மதம் வீட்டுக்கு ஒன்று என்று எழுதுவதில்லை, ஆளுக்கு ஆள் தனியாக எழுதுகிறார்கள். ஒரே வீட்டில் மூன்று மதம் இருந்தாலும் படிவம் தாங்கும்.

#5 செய்யாறு_வாசகி

விவரமாக எழுதியதற்கு நன்றி ஐயா. காகிதத்தில் ரகசியம் என்பது புரிகிறது. அந்த ஆசிரியர் டீக்கடையில் வாயைத் திறக்காமல் இருப்பாரா என்பதற்குப் பிரிவு எதுவும் இருக்காது.

கொயர் ஐயா, நீங்கள் எழுதியது வலித்தது, ஆனால் கோபம் இல்லை. முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். மகள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவளுக்கு ஆசை. நாங்கள்தான் கவுன்சிலிங் முடியட்டும், அட்மிஷன் ஆகட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். பொய்யா என்று கேட்டேனே, உண்மையில் எனக்கு உறுத்துவது அதுதான்.

#6 பங்குப்_பிள்ளை

சூசை வழக்கில் ஆதாரம் வைக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும். ஆதாரம் எங்கள் கோயில் பங்குகளில் சிமெண்டிலும் செங்கல்லிலும் அல்லவா நிற்கிறது!

நான் கத்தோலிக்கன், கள்ளக்குறிச்சிப் பக்கம். எறையூரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். ஏன் கேட்டார்கள்? பெரிய கோயிலில் சம இடம் இல்லை. சவ ஊர்வலம் பிரதான வழியில் போகக் கூடாது. 2008 மார்ச் மாதம் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலையைச் சொல்கிறவர்கள்.

இது நேற்று முளைத்ததா என்றால் இல்லை. வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு சாதிக்கு இரண்டு கூடமாகக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். இரண்டு கூடமும் பீடத்தில் போய்ச் சேரும். பீடத்திலிருக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றையொன்று பார்க்காது. 1910இல் கௌசானல் என்கிற பிரெஞ்சு இயேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். கோர்ட்டு வழக்கு வரை போனது. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் வைத்த ஊர்களும் நம்மிடம் உண்டு.

2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆயர்கள் டெல்லியில் அப்படி எழுதுகிறார்கள். பங்குப் பேரவையில் நான் அதே வார்த்தையைச் சொன்னால், நம்மிடம் சாதி இல்லை தம்பி, பிரிவினை உண்டாக்காதே என்கிறார்கள்.

தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. உரிமை வேண்டும் என்று வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால் திருச்சபை தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் இன்னார் வாசகம் வாசிக்க முடியாது, இன்னார் தெருவுக்குத் தேர் போகாது, இன்னாருக்கு இங்கே கல்லறை இல்லை என்று பங்கு பங்காகப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த 1950 ஆணை வந்த நாளில் வருஷா வருஷம் கருப்புக் கொடி பிடிப்பது அதைவிடச் சுலபம்.

சகோதரியிடம் பொய்யா என்று கேட்பதற்கு முன்னால், நம்மிடம் சாதி இல்லை என்று சொல்கிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். சகோதரி சொல்லப்போவது ஒரு படிவத்தில். இவர்கள் சொல்வது பீடத்தின் முன்னால்.

#7 பழைய_கொயர்

பாஸ்டர் மகன் என் சமூகத்தைச் சரியாகத்தான் ஊகித்திருக்கிறார். அதனால் வசனம் மாறிவிடாது. என்னிடம் குறை இருக்கிறது என்பதால் பத்துக் கட்டளையில் ஒன்று குறையுமா?

நீங்கள் எல்லோரும் சலுகையைச் சுற்றியே பேசுகிறீர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, இந்தியாவின் முதல் ஆங்கிலிக்க இந்தியப் பேராயர், 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர். கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்று வாதிட்டவர் அவர். சபை ஒரு அரசியல் கூட்டமாகிவிடும் என்று பயந்தார். அரசியல் நிர்ணய சபையிலும் எச்.சி. முகர்ஜி, ஜெரோம் டிசூசா அடிகள் போன்ற கிறிஸ்தவ உறுப்பினர்கள் தனி இடங்களை வற்புறுத்தவில்லை. அது பெருந்தன்மை. அந்த ஆவி நம்மிடம் போய்விட்டது.

ஆனால் சகோதரி, பிள்ளையின் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னீர்களே, அதை வாசித்துவிட்டு நான் உடனே பதில் எழுதவில்லை. என் பேத்தியும் பிளஸ் டூ. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சே வந்ததில்லை.

#8 நீலம்_கறுப்பு

நான் கிறிஸ்தவன் இல்லை. நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். வெளியாள் பேசலாம் என்றால் ஒன்று சொல்கிறேன்.

பெருந்தன்மை என்று கொயர் ஐயா சொல்வது யாருடைய பெருந்தன்மை? முகர்ஜியும் டிசூசாவும் சேரியிலிருந்து வந்தவர்களா? தனக்குத் தேவைப்படாததை விட்டுக்கொடுப்பது எவருக்கும் எளிது.

ஆனால் இந்தப் பக்கத்துப் பயத்தையும் கேளுங்கள். உங்களையும் பட்டியலில் சேர்த்தால் அதே 18 சதவீதத்தைத்தான் பிரிக்க வேண்டும். மிஷன் பள்ளி, மிஷன் ஹாஸ்டல், கான்வென்ட் இங்கிலீஷ் என்று முன்னால் போனவர்கள் எங்கள் பிள்ளைகளோடு போட்டிக்கு வருவார்கள் என்று எங்கள் தெருவில் பேசுகிறார்கள். சங்கிகள் கிளப்பிவிட்ட பேச்சு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் அப்பாவே பேசுகிறார், அவர் வீட்டில் அம்பேத்கர் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது.

இன்னொரு விஷயம். 1990இல் பௌத்தர்களுக்கு வழி திறந்தது தானாக நடக்கவில்லை. அதற்கு முன் நவபௌத்தர்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்று பாருங்கள். உங்கள் ஆயர்களும் பேராயர்களும் வருஷத்துக்கு ஒரு நாள் நிற்கிறார்கள்.

#9 நீதிமன்ற_வாசல்

நீலம்_கறுப்பு தோழருக்கு: பயம் நியாயமானது, வழியும் இருக்கிறது. தமிழ்நாடு 2009இல் அருந்ததியருக்கு 18க்குள் 3 சதவீதம் உள்ஒதுக்கீடு செய்தது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1இல் ஏழு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது. சேர்க்கிறவர்களுக்குத் தனி உட்பங்கும், அதற்கேற்ற அளவு கூடுதலும் கேட்கலாம். கூடுதல் என்றால் மாநிலத்தின் மொத்த ஒதுக்கீடான 69 சதவீதத்தைத் தாண்ட வேண்டியிருக்கும், அது வேறு யுத்தம்.

செய்யாறு சகோதரிக்கு ஒரு சின்னத் தகவல். மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் உண்டு. கிறிஸ்தவர் என்றால் எல்லாமே போய்விடும் என்பதில்லை. பெரிய இழப்பு சீட்டிலும் வேலையிலும்தான்.

#10 மூணாறு_தேயிலை

சான்றிதழ், சபைப் பதிவேடு என்று பேச்சு வந்ததால் எங்கள் தேவிகுளம் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தேவிகுளம் கேரளத்தில் ஒரு தனித்தொகுதி. 2021இல் ஜெயித்த ஏ. ராஜா எஸ்டேட் தமிழ்க் குடும்பம், சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தவர். அவர் குடும்பம் சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றது, அவர் இந்துப் பறையர் இல்லை என்று தோற்றவர் வழக்குப் போட்டார். சபையின் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் கோர்ட்டுக்குப் போயின. அதில் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று ஒரே ரகளை. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து தேர்தல் செல்லும் என்றது.

அந்த இரண்டு வருஷமும் எங்கள் எஸ்டேட் லயங்களில் பேசிக்கொண்டது ஒன்றுதான். பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்து ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) நோட்டில் எழுதுகிறாரே, அந்த நோட்டு பின்னால் யார் கைக்குப் போகும்? எங்கள் ஐயர் அதற்கப்புறம் பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கினார்.

#11 நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயரை விவாதத்துக்காகச் சொல்லலாம், வசவாகச் சொல்லக் கூடாது. அரிசி மூட்டைக் கிறிஸ்தவர் என்கிற சொல்லை இங்கே இனி யாரும் எழுத வேண்டாம்.

#12 கல்குளம்_காரன்

எல்லோரும் கோர்ட்டையும் சர்ச்சையும் பிடித்துக்கொண்டீர்கள், கட்சிகளை விட்டுவிட்டீர்கள்.

2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில், மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் எஸ்.சி. உரிமை தரும்படி மத்திய அரசைக் கேட்டு முதல்வர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். பாஜக வெளிநடப்புச் செய்தது, தீர்மானம் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால் அந்தத் தீர்மானத்தால் யாருக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. டெல்லியைக் கேட்டுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. காங்கிரஸ் மத்தியில் பத்து வருஷம் ஆண்டபோதுதான் மிஸ்ரா அறிக்கை வந்தது, அவர்களும் கிடப்பில்தான் போட்டார்கள். அந்தப் பத்து வருஷத்தில் பெரும்பகுதி திமுகவும் கூட இருந்தது.

எங்கள் சொந்தக் கதை இன்னும் வேடிக்கை. 2007இல் கருணாநிதி அரசு பி.சி.யிலிருந்து பிரித்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதம் கொடுத்தது. முஸ்லிம்கள் வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் அடுத்த வருஷமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பொதுப் பி.சி.யில் இருந்தால் இதைவிட அதிக இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் தலித் கிறிஸ்தவனுக்கு என்ன கிடைத்தது, பி.சி.க்குள் அவன் யாரோடு போட்டி போடுகிறான் என்று எந்தப் பேராயரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் சந்தோஷம்.

2002இல் ஜெயலலிதா கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது பார்த்திருக்க வேண்டும். எல்லாச் சபையும் ஒரே நாளில் ஒன்றானது. பள்ளிகளை மூடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 2004 தேர்தலில் அடி வாங்கியதும் அவரே அதைத் திரும்பப் பெற்றார். நிறுவனத்துக்கு ஆபத்து என்றால் நம்மவர்களுக்கு நிற்கத் தெரியும்.

#13 மதுர_பாஸ்டர்_மகன்

கல்குளம் அண்ணன் கடைசி வரியைக் கொஞ்சம் மெதுவாக எழுதியிருக்கலாம். உண்மை என்பதால் விடுகிறேன்.

வசனப் பக்கம் திரும்புகிறேன். செய்யாறு அக்கா கேட்டது அதைத்தான். இரண்டாம் ராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் நாகமானின் குஷ்டம் நீங்கியதை எல்லாப் பாஸ்டரும் பிரசங்கிப்பார்கள். 18ஆம் வசனத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். குணமான பிறகு அவன் எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். என் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிக்க வேண்டும் என்கிறான். வேலையை விட்டுவிடு என்று எலிசா சொல்லவில்லை. சரி, குனிந்துகொள் என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார், அவ்வளவுதான்.

எஸ்தரும் அரண்மனைக்குள் போனபோது தான் எந்த ஜனம் என்று சொல்லவில்லை. மொர்தெகாய்தான் சொல்லாதே என்றான். பின்னால் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது உயிரைப் பணயம் வைத்துச் சொன்னாள். வேதத்தில் வாயைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள், வாயை மூடிக்கொண்டு காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். பிரசங்கத்தில் முதல் கூட்டம்தான் வரும்.

பவுல் செய்ததையும் பாருங்கள். சவுக்கடிக்குக் கட்டிப்போட்டபோது ரோமக் குடியுரிமையைக் கையில் எடுத்தார். உபத்திரவத்தைச் சந்தோஷமாக ஏற்கிறேன் என்று எழுதிய அதே மனுஷர்தான். உரிமை கையில் இருந்தது, பயன்படுத்தினார்.

#14 பழைய_கொயர்

தம்பி, நாகமான் மறைக்கவில்லை. தீர்க்கதரிசியிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னான். பவுல் தனக்கு இல்லாத குடியுரிமையைச் சொல்லிக்கொள்ளவில்லை, பிறப்பிலேயே இருந்ததைச் சொன்னார். இரண்டும் உங்கள் வாதத்துக்கு முழுதாகப் பொருந்தாது.

எஸ்தரைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.

#15 நீலம்_கறுப்பு

ஐயா, பிறப்பிலேயே இருந்தது என்றால் செய்யாறு அக்காவுக்குப் பிறப்பிலேயே இருப்பதும் சாதிதானே? தண்ணீரில் முங்கி எழுந்ததும் ஊர்த்தெரு டீக்கடையில் அவருக்குக் கண்ணாடி டம்ளர் கொடுத்துவிட்டார்களா? ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் பாஸ்டர் ஒருவரின் வழக்கில், மதம் மாறியவருக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

#16 செய்யாறு_வாசகி

எல்லோருக்கும் நன்றி. நீலம்_கறுப்பு தம்பி, டம்ளர் இப்போது பேப்பர் கப் ஆகிவிட்டது, அதனால் பிரச்சினை தெரிவதில்லை.

இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா உடனே, எனக்கு இனிமேல் எந்தச் சர்டிபிகேட்டும் வேண்டாம், நான் கிறிஸ்தவள், அப்படியே எழுதச் சொல் என்றார். ஆளுக்கு ஆள் தனியாக எழுதலாம் என்று வக்கீல் ஐயா சொன்னதால் அதில் சிக்கல் இல்லை. வீட்டுக்காரர் இந்து என்றே சொல்வேன் என்கிறார். அவர் சொல்லும் காரணம் வசனம் இல்லை. பட்டியலிலிருந்து என்னைத் துரத்துகிறவனுக்கு நான் ஏன் ஒத்தாசை செய்ய வேண்டும் என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத் தெரிகிறது.

மகள் விஷயத்தில் பாஸ்டரிடம் பேசிவிட்டேன். அவளுக்கே விருப்பம் வரும் நாளில் கொடுங்கள், அட்மிஷனைக் காரணமாகச் சொல்லி நாங்கள் இனித் தடுக்க மாட்டோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கவுன்சிலிங் முடியட்டுமே சிஸ்டர் என்றார்!

#17 நீதிமன்ற_வாசல்

ஆசிரியரின் முன்னால் சொல்லத் தயக்கம் என்றால், இந்த முறை இணையத்தில் நாமே நிரப்பும் வசதி உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கப்புறமும் அவர் சரிபார்க்க வீட்டுக்கு வருவார், ஆனால் தெருத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க வேண்டியிருக்காது. மகளுக்கு உதவி செய்யச் சொல்லுங்கள்.

#18 பங்குப்_பிள்ளை

சகோதரி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மதத்துக்கு அம்மா கிறிஸ்தவள் என்பார். சாதி என்ன என்று கேட்டால் என்ன சொல்வார்? எங்கள் பங்கில் அந்த இடத்திலும் கிறிஸ்தவர் என்றே சொல்லுங்கள் என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44 லட்சம் கிறிஸ்தவர்கள், 6.12 சதவீதம். அதில் தலித்துகள் எத்தனை என்று அரசிடம் எண் கிடையாது. கிறிஸ்தவர்களில் பட்டியல் சாதியை அவர்கள் எண்ணியதே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1931க்குப் பிறகு இப்போதுதான் எல்லோருடைய சாதியையும் எழுதப்போகிறார்கள். இந்த முறையும் வெறும் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால், ஆணையம் போடுகிறவர்கள் அடுத்த தடவையும் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். அம்மாவிடம் சாதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

#19 செய்யாறு_வாசகி

நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. ஆனால் இதை அம்மாவிடம் எப்படிக் கேட்பேன்? அந்தப் பெயரை இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று சொன்னதால்தான் அவர் சபைக்கே வந்தார். அவர் சொல்லாவிட்டால் அவருக்குப் பதிலாக நான் நிரப்பலாமா? வக்கீல் ஐயா பார்த்தால் சொல்லுங்கள்.